கேரித் தீவு ஆலை முதல் துறைமுகக் கிரேன் வரை: ஆள் தேடும் ‘கண்ட்ரோல்’ தொழில்

கேரித் தீவு: கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் அருகே திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் தோட்டம் போட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயரின் பெயர்தான் தீவுக்கு நிலைத்துவிட்டது. மா மெரி பூர்வக்குடி மக்களின் மண்ணான இந்தத் தீவில் தமிழர்கள் பால்மரம் சீவினார்கள். பிறகு செம்பனைக் குலை வெட்டினார்கள். இன்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் காலையில் பாலம் தாண்டி தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்கும், கிள்ளானுக்கும், புலாவ் இண்டா துறைமுகப் பகுதிக்கும் வேலைக்குப் போகிறார்கள்.

அங்கே அவர்களில் பலருக்குக் கிடைப்பது இயந்திர ஆப்பரேட்டர், லோரி ஓட்டுநர், ஸ்டோர், பாதுகாவலர் வேலைகள். அதே தொழிற்சாலைகளில் இன்னொரு வேலைக்கு மாதக்கணக்கில் விளம்பரம் போட்டும் சரியான ஆள் அமைவதில்லை என்று நிர்வாகங்கள் குறைப்படுகின்றன. அதுதான் தொழிலியல் கட்டுப்பாட்டு வேலை. ஆலையில் ‘கண்ட்ரோல்’, ‘இன்ஸ்ட்ருமெண்ட்’, ‘ஆட்டோமேஷன்’ என்று பல பெயர்களில் வழங்கும் இந்தத் தொழில் பற்றித் தோட்டப்புறக் குடும்பங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவம், சட்டம், கணக்கியல், அடுத்து கணினி என்றுதான் பேச்சு போகிறது. ஆனால் இந்தத் தொழிலின் முதல் படி தோட்டத்து வீட்டிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. தோட்டத்து எண்ணெய் ஆலையிலேயே இருக்கிறது.

கண்ட்ரோல் வேலை என்றால் என்ன?

கேரித் தீவு தாழ்வான நிலம். கடல்நீர் உள்ளே வராமல் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, நீர்க்கதவு வைத்துத்தான் இங்கே பயிர் செய்ய முடிந்தது. வற்று நேரத்தில் கதவைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விட வேண்டும். பெருக்கு வரும் முன் மூட வேண்டும். நீர்க்கதவைப் பார்த்துக்கொள்பவர் செய்வது மூன்று காரியங்கள். நீர் மட்டத்தைப் பார்க்கிறார். இருக்க வேண்டிய மட்டத்தோடு ஒப்பிடுகிறார். கதவைத் திறக்கிறார் அல்லது மூடுகிறார்.

எல்லாக் கட்டுப்பாட்டு முறைக்கும் அடிப்படை இந்த மூன்றுதான்: அளப்பது, ஒப்பிடுவது, செயல்படுவது. ஆலையில் கண்ணின் வேலையை சென்சார் செய்கிறது. மூளையின் வேலையைப் ‘பிஎல்சி’ எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. கையின் வேலையை வால்வும் மோட்டாரும் செய்கின்றன. இவை மூன்றையும் பொருத்தி, ஒன்றோடொன்று பேச வைத்து, பழுதானால் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பவர்தான் கண்ட்ரோல் டெக்னீஷியன் அல்லது கண்ட்ரோல் பொறியியலாளர்.

ஒரு காலத்தில் இந்த ‘மூளை’ சுவர் நீளத்துக்கு ரிலே அடுக்கிய இரும்புப் பெட்டியாக இருந்தது. உற்பத்தி முறையை மாற்ற வேண்டுமென்றால் வயரையே பிடுங்கி மாற்ற வேண்டும. இந்தத் தொல்லை தாங்காமல் 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் மாற்று வழி தேடியது. அதற்கு விடையாக டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘மோடிகான் 084’தான் பிஎல்சி கருவிகளின் முன்னோடி. வயரை மாற்றாமல் புரோகிராமை மாற்றினால் போதும் என்ற நிலை வந்தது. இன்று மலேசிய ஆலைகளில் சீமென்ஸ், மிட்சுபிஷி, ஓம்ரான், ஆலன்-பிராட்லி, ஷ்னைடர் ஆகியவை தெரிந்த பெயர்கள். பிராண்டு மாறினாலும் அடிப்படை மாறுவதில்லை.

குலை எண்ணெயாகும் வழியில்

செம்பனை ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலை விளக்குவது எளிது.

வெட்டிய குலை நாள் கடக்காமல் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, தரம் குறையும். ஆலைக்குள் குலைகள் முதலில் ஸ்டெரிலைசர் எனப்படும் பெரிய நீராவிக் கலனில் வேகின்றன. ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேக வேண்டும். பல ஆலைகளில் அழுத்தத்தை மூன்று முறை ஏற்றி இறக்குகிறார்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். பிறகுதான் குலையின் நடுவரை சூடு பாயும். எந்த வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது மூடும் என்ற வரிசையைப் பிஎல்சி பார்த்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவு திறக்கக் கூடாது. அந்தப் பூட்டும் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் அடங்கியதுதான். அது சரியாக வேலை செய்யாவிட்டால் உயிர் போகும்.

அடுத்தது பாய்லர். பழத்தின் நாரும் கொட்டை ஓடும் அதற்கு எரிபொருள். அதிலிருந்து வரும் நீராவி டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. மீதி நீராவி குலையை வேக வைக்கப் போகிறது. பாய்லருக்குள் நீர் மட்டம் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் மட்டத்தை இடைவிடாமல் அளந்து நீரைச் செலுத்தும் கட்டுப்பாடு, குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, எரிபொருள் போவதை நிறுத்தும் ஏற்பாடு எல்லாம் தேவை. புகைபோக்கியில் புகையின் அடர்த்தியை அளக்கும் கருவியும் உண்டு. அது காட்டும் அளவு சுற்றுச்சூழல் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

இரவு இரண்டு மணிக்கு ஸ்டெரிலைசரின் நீராவி வால்வு திறக்க மறுத்தால் என்ன ஆகும்? குலை ஏற்றிய லோரிகள் வரிசையில் நிற்கும். அடுத்த கலனும் காத்திருக்கும். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பல. பிஎல்சி கட்டளை கொடுத்ததா? கொடுத்திருந்தால் ரிலே இழுத்ததா? சோலினாய்டுக்கு மின்சாரம் வந்ததா? வால்வைத் தள்ளும் காற்றழுத்தம் இருக்கிறதா? வால்வே இறுகிவிட்டதா? இதை வரிசைப்படி பார்த்துப் பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த ஆலையிலும் மதிப்பு உண்டு.

இதே திறமைதான் புலாவ் இண்டாவில் கப்பலிலிருந்து கண்டெய்னர் தூக்கும் கிரேனுக்கும் வேண்டும். கேஎல்ஐஏ விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஓட்டும் கன்வேயருக்கும் வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், மின் நிலையம், பிஸ்கட் தொழிற்சாலை, சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மருத்துவக் கையுறைத் தொழிற்சாலை என்று பட்டியல் நீளும். ஆலையில் கற்ற தொழிலைத் தோட்டம் விட்டுப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லலாம்.

தேவை ஏன் கூடியது?

முதல் காரணம், ஆள் பற்றாக்குறை. கோவிட் காலத்தில் எல்லை மூடப்பட்டபோது வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பியிருந்த தோட்டங்களும் தொழிற்சாலைகளும் தவித்தன. அதன் பிறகு இயந்திரமயமாவது பற்றிய பேச்சு வேகம் பிடித்தது. இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும். ஆனால் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இரண்டாவது காரணம், அரசாங்கக் கொள்கை. 2018 அக்டோபரில் ‘இண்டஸ்ட்ரி 4டபிள்யுஆர்டி’ கொள்கை அறிமுகமானது. 2023 செப்டம்பரில் வந்த புதிய தொழிலியல் பெருந்திட்டம் 2030, 3,000 தொழிற்சாலைகளை நவீன ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலைகளாக மாற்றும் இலக்கை வைத்தது. 2024 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், உயர் திறன் பெற்ற 60,000 பொறியியலாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. சிப் தொழிற்சாலைகளுக்குத்தான் அந்த எண்ணிக்கை என்றாலும், அவை ஆட்களை இழுக்கும்போது கிள்ளான் பள்ளத்தாக்கு ஆலைகளுக்கு ஆள் குறைகிறது.

மூன்றாவது காரணம், நம் வட்டாரத்திலேயே நடக்கும் விரிவாக்கம். புலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் தன் ஆண்டுக் கொள்ளளவை 1 கோடியே 40 லட்சம் கண்டெய்னர்களிலிருந்து 2 கோடியே 70 லட்சமாக உயர்த்தும் திட்டத்தில் இறங்கியுள்ளது. கேரித் தீவிலும் ஒரு துறைமுகம் அமைக்கும் யோசனை 2017ஆம் ஆண்டு பெரிதாகப் பேசப்பட்டு, பின்னர் ஒத்திவைக்கப்பட்டு, இன்னும் அவ்வப்போது பேச்சில் அடிபடுகிறது. அது வந்தாலும் வராவிட்டாலும், பாலத்துக்கு அப்பால் வேலை ஏற்கெனவே இருக்கிறது.

இவற்றோடு சைபர்ஜெயாவிலும் ஜோகூரிலும் எழும் டேட்டா செண்டர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே குளிரூட்டல், மின்சாரம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் இயக்குவது கட்டுப்பாட்டுக் கருவிகள்தான்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை?

பட்டதாரிகள் வேலை தேடுகிறார்கள். ஆலைகள் ஆள் தேடுகின்றன. இரண்டும் சந்திக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு.

இந்தத் தொழில் மின்சாரம், இயந்திரம், கணினி ஆகிய மூன்றின் எல்லையில் நிற்கிறது. மின்பொறியியல் படித்தவருக்குப் பம்பும் வால்வும் புதிது. இயந்திரவியல் படித்தவருக்கு வயரிங் புதிது. கணினி படித்தவர் 415 வோல்ட் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். மெக்கட்ரோனிக்ஸ், கட்டுப்பாட்டுப் பொறியியல் போன்ற படிப்புகள் இந்த மூன்றையும் இணைக்கின்றன. என்றாலும் ஓடும் ஆலையில் கற்க வேண்டியதை வகுப்பறை முழுவதும் தர முடியாது.

அதனால் நிறுவனங்கள் ‘மூன்றாண்டு அனுபவம், இன்ன பிராண்டு பிஎல்சி தெரிந்திருக்க வேண்டும்’ என்று விளம்பரம் போடுகின்றன. புதியவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? எல்லா நிறுவனமும் அனுபவசாலியைத் தேடினால், அனுபவம் கொடுக்கும் நிறுவனம் எது? ஒரே ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் சம்பளம் கூட்டி இழுத்துக்கொள்வதுதான் நடக்கிறது. பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஆள் இரண்டாண்டில் வேறு இடம் போய்விடுவார் என்ற பயமும் முதலாளிகளுக்கு உண்டு. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பைப் பார்த்து எல்லை தாண்டுவோரும் பலர்.

இன்னொரு பக்கம், ஆலைக்குள்ளேயே அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டு ஃபிட்டராகவோ வயர்மேன் உதவியாளராகவோ இருந்தவருக்கு எந்த மோட்டார் எந்த மழைக்கு மக்கர் செய்யும் என்பது வரை தெரியும். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. பதவி உயர்வுக்கு மனுப்போட்டால் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டம் காலியாக இருக்கும். அவர் ஓய்வு பெறும் நாளில் அவருடைய அனுபவமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. பழைய ரிலே பெட்டியின் வரைபடம் தொலைந்துபோன ஆலைகளில் இந்த இழப்பு சாதாரணமானதல்ல.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு பக்கம் சான்றிதழ் இருக்கிறது, கைப்பழக்கம் இல்லை. மறுபக்கம் கைப்பழக்கம் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்ப்பவர்களுக்கு இந்தத் துறையில் இடம் உறுதி.

வேலையின் தன்மையும் சிலரைத் தயங்க வைக்கிறது. இரவு ஷிப்ட் உண்டு. விடுமுறை நாளில் ஆலையை நிறுத்திப் பராமரிப்புச் செய்வதால் தீபாவளி, பொங்கல் நேரத்திலும் அழைப்பு வரலாம். ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டு முறைகளை அமைத்துக் கொடுக்கும் குத்தகை நிறுவனங்களில் சேர்ந்தால் வாரக்கணக்கில் வெளியூரில் தங்க வேண்டியிருக்கும். பொதுப் போக்குவரத்து குறைவான தொழிற்பேட்டைக்குப் போய்வரச் சொந்த வாகனம் வேண்டும்.

நுழைய எத்தனை வாசல்?

இந்தத் தொழிலுக்குப் பல்கலைக்கழகம் மட்டுமே வாசல் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படிவம் முடித்தவர்கள்: தொழிற்கல்லூரி எனப்படும் கோலேஜ் வொகேஷனலில் மின் தொழில்நுட்பம், மின்னணுவியல் போன்ற துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம். கிள்ளானிலேயே ஒரு தொழிற்கல்லூரி இருக்கிறது.

எஸ்பிஎம் முடித்தவர்கள்: போலிடெக்னிக் டிப்ளோமா ஒரு வழி. ஷா ஆலமில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா போலிடெக்னிக் உள்ளது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் இன்னொரு வழி. ஐ.எல்.பி. என்று மக்கள் அறிந்த அந்த நிலையம் கோல லங்காட்டிலும் உண்டு. ஷா ஆலமில் அட்டெக் உயர் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1991இல் தொடங்கப்பட்ட ஜெர்மன்–மலேசியக் கழகம் காஜாங், பாங்கி வட்டாரத்தில் உள்ளது. எந்த நிலையத்தில் எந்தத் துறை நடக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்க் கேட்பது நல்லது. ‘ஆட்டோமேஷன்’, ‘மெக்கட்ரோனிக்’, ‘இன்ஸ்ட்ருமெண்டேஷன்’, ‘மின்சாரம்’ ஆகியவை தேட வேண்டிய சொற்கள்.

எஸ்பிஎம் சரியாக அமையாதவர்கள்: எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை போகிறது. அதற்கு மேல் நான்காம் நிலையில் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் திறன் டிப்ளோமா. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் சான்றிதழ்கள் இவை. தேர்வில் தவறியவர்களும் கீழ்ப் படியிலிருந்து ஏறி வரலாம். கட்டணத்துக்கு பிடிபிகே திறன் மேம்பாட்டு நிதியின் கடனுதவி உண்டு.

சம்பாதித்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள்: எஸ்எல்டிஎன் எனப்படும் இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்தில், மீதி வகுப்பறையில். வீட்டு நிலைமை காரணமாக முழு நேரம் படிக்க முடியாதவர்களுக்கு இது ஏற்றது.

பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள்: மின், மின்னணு, மெக்கட்ரோனிக்ஸ், கட்டுப்பாட்டுப் பொறியியல் பட்டங்கள் பொருத்தமானவை. தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினர். அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பொறியியலாளராகப் பதிவு செய்வது கடினம்.

எந்தச் சான்றிதழ் எதற்கு?

ஆலை வேலையில் சில சான்றிதழ்கள் சட்டத்தோடு கட்டுண்டவை. அவற்றை வைத்திருப்பவர் இல்லாமல் ஆலை ஓட்ட முடியாது. அதனால்தான் அவற்றுக்கு விலை அதிகம்.

சார்ஜ்மேன்: எரிசக்தி ஆணையம் வழங்கும் மின் தகுதிச் சான்றிதழ். ஏ0, ஏ1, ஏ4 என்ற வரிசை குறைந்த மின்னழுத்தத்துக்கு. பி வரிசை உயர் மின்னழுத்தத்துக்கு. கட்டுப்பாட்டு வேலை தெரிந்த சார்ஜ்மேன் என்றால் இரட்டை மதிப்பு.

வயர்மேன்: மின் இணைப்பு வேலைக்கான சான்றிதழ். இதையும் எரிசக்தி ஆணையமே வழங்குகிறது. பலருக்கு இதுதான் முதல் படி.

பாய்லர்மேன், நீராவிப் பொறியியலாளர்: தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் கீழ் வருபவை. இரண்டிலும் முதல் நிலை, இரண்டாம் நிலை உண்டு. செம்பனை ஆலையில் மேலே வர நினைப்பவர்களுக்கு இவை முக்கியம்.

டெக்னீஷியன் பதிவு: 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், தொழில்நுட்பவியலாளர்களோடு டெக்னீஷியன்களையும் பதிவு செய்கிறது. பொறியியலாளர்களுக்குத் தனி வாரியம் உண்டு. கைத்தொழில் வழியாக வந்தவருக்கும் தொழில்முறை அடையாளம் கிடைக்க இது வழி செய்கிறது.

ஏற்கெனவே ஆலையில் இருப்பவர்களுக்கு

அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. பிபிடி எனப்படும் ‘முந்தைய தேர்ச்சிக்கு அங்கீகாரம்’ என்ற முறை. இதன்படி ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மறுபடி வகுப்பில் உட்காராமல், தான் செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு எஸ்கேஎம் சான்றிதழ் பெறலாம். திறன் மேம்பாட்டுத் துறை இதை நடத்துகிறது.

ஆதாரம் என்றால் என்ன? பழுது பார்த்த வேலைப் பதிவுகள், படங்கள், மேலாளரின் கடிதம், முன்பு போன சிறு பயிற்சிகளின் சான்றிதழ்கள். இருபது ஆண்டு வேலை செய்தும் ஒரு தாளைக்கூட எடுத்து வைக்காதவர்கள் நம்மிடையே அதிகம். இன்றிலிருந்தாவது ஒரு கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டும் படம் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, எச்ஆர்டி கோர்ப் லெவி. 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை இந்த நிதிக்குக் கட்டுகிறார்கள். தொழிலாளர் பயிற்சிக்குச் செலவழித்து அதைத் திரும்பப் பெறலாம். அதாவது பிஎல்சி பயிற்சிக்கோ சார்ஜ்மேன் வகுப்புக்கோ அனுப்பச் சொல்லி மனிதவளப் பிரிவைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அதற்கென்றே கட்டப்படும் பணம் அது. கேட்காதவருக்கு அது தானாக வருவதில்லை.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

இந்தத் துறையில் நேர்முகம் பெரும்பாலும் நேரடியாகத் தொழிலுக்குள் போய்விடும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரின் வரைபடத்தைத் தாளில் வரையச் சொல்வது வழக்கமான கேள்வி. நின்றுபோன மோட்டாரை எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவீர்கள் என்பது இன்னொன்று. விடை சரியா என்பதைவிட, வரிசையாக யோசிக்கிறாரா, முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடச் சொல்கிறாரா என்பதைத்தான் கவனிப்பார்கள்.

சென்சார்கள் ஏன் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அனுப்புகின்றன, ஏன் 0இலிருந்து தொடங்கவில்லை என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. தொட்டி காலியாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். காலித் தொட்டியையும் அறுந்த கம்பியையும் பிரித்தறியும் வழி அது. இதைத் தன் சொந்த வார்த்தையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரிந்த இளைஞர் நல்ல பெயர் எடுப்பார். கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் அவசியம்.

அனுபவம் இல்லாதவர் வீட்டிலேயே பழகலாம். ‘கோட்சிஸ்’ போன்ற பிஎல்சி புரோகிராம் எழுதும் மென்பொருளை இலவசமாகப் பதிவிறக்கலாம். நிஜக் கருவி இல்லாமல் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ‘லேடர்’ என்ற ஏணி வடிவ மொழியில் ஒரு மோட்டாரை இயக்கி நிறுத்துவது, இரண்டு பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டுவது, தொட்டி நிறைந்ததும் நிறுத்துவது என்று சிறியதாகத் தொடங்கலாம். ஸ்டெரிலைசரின் மூன்று ஏற்றத்தையும் புரோகிராமாக எழுதிப் பார்த்த தோட்டத்துப் பிள்ளை, அதை நேர்முகத்தில் காட்டினால் பட்டதாரிக்குச் சளைத்தவராக இருக்க மாட்டார். வீட்டில் 415 வோல்ட், 240 வோல்ட் இணைப்புகளில் பழகிப் பார்ப்பது மட்டும் கூடாது. 24 வோல்ட் கருவிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

2025ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. ஆப்பரேட்டராகச் சேரும் பிள்ளையின் அடிப்படைச் சம்பளம் பல ஆண்டுகள் அந்த எண்ணைச் சுற்றியே நிற்கக்கூடும். அதே ஆலையில் பெட்டியைத் திறந்து பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவரின் சம்பளம் அவர் கையில் சேரும் சான்றிதழ்களோடு சேர்ந்து ஏறுகிறது. இயந்திரம் வந்து ஆட்களைக் குறைக்கும்போது முதலில் வெளியே போவது பொத்தான் அழுத்துபவர். கடைசிவரை இருப்பவர் அந்த இயந்திரத்தைச் சரிசெய்பவர்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்தத் தொழில் உகந்தது. இதில் தேவைப்படுவது தோள் பலத்தைவிடப் பொறுமையும் வரிசையான சிந்தனையும். கட்டுப்பாட்டு அறை, புரோகிராம், அளவுக் கருவிச் சோதனை ஆகிய பிரிவுகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இந்தத் துறைக்கே உண்டா? முடிவில் கிடைப்பது எஸ்கேஎம் சான்றிதழா, அல்லது மையத்தின் சொந்தத் தாளா? ஆலையில் தொழிற்பயிற்சி எத்தனை மாதம்? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போது பல குடும்பங்கள் அதைத்தான் நினைத்துத் தூக்கம் இழக்கின்றன. வீடு மாறும்போது சாமான்களோடு கொண்டுபோகக்கூடிய சொத்து, பிள்ளையின் கையில் இருக்கும் தொழில். கேரித் தீவிலும், கிள்ளானிலும், பந்திங்கிலும் மூன்றாம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் இருக்கும் பிள்ளைகள் அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்யும் முன், அந்த வட்டாரத்து ஆலையில் வேலை செய்யும் சார்ஜ்மேன் ஒருவரையோ டெக்னீஷியன் ஒருவரையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசச் சொன்னால் போதும். எந்த வாசல் அருகில் இருக்கிறது என்பதை அவரே காட்டிவிடுவார்.